லொறியிலிருந்து விழுந்த நோனா

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டதற்கு, "பாப்போம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கு மனசு சுருங்கியிருக்கும். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து காதைக் கொடுப்பார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு வரவில்லை. எழுத்தில் என்றால் நிதானமாகச் சொல்லலாம். கல்யாணம் முடிந்த கையோடு பலாபத்வல வீட்டை விற்றுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வத்தளைக்கு வந்து உன்னோடும் நிரோஷாவோடும் இருக்க வேண்டும் என்கிறாய். எங்களுக்கென்று அறை பார்த்து, கட்டிலுக்கு அளவுகூட எடுத்துவிட்டாயாம். உன்னைப் பெற்றதற்கு எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் நாங்கள் வரப்போவதில்லை. ஏன் என்று புரிவதற்கு நீ ஒரு கோழியின் கதையைக் கேட்டாக வேண்டும். சிரிக்காமல் கடைசிவரை வாசி.

அப்பாவின் கண்ணில் பிரஷர் கூடி நரம்பு கெட்டுவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீயும் எங்களோடு இருந்தாய். ஒரு கிழமை லீவு போட்டு நின்றுவிட்டுக் கொழும்புக்குப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. அவருக்கு நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. ஒருநாள் சந்தியில் யாரோ ஒருவன்மேல் மோதிவிட்டார். அவன் இவரைக் குடிகாரன் என்று ஏசிவிட்டான். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனுசன். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க் கடைப் பாரூக் நானா சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றிலிருந்து அவர் கேட்டைத் தாண்டவில்லை. கையைப் பிடித்து நடத்தலாம் என்று போனால், "நான் என்ன சின்னப் புள்ளயா?" என்று உதறிவிடுவார். தம்புள்ளைக்கும் கண்டிக்கும் இடையில் மரக்கறி லொறி ஓட்டியே வயசான மனுசன், காலையிலிருந்து பொழுது சாயும்வரை வராந்தாவில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற லொறிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். உன் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது என்ன சொன்னார் தெரியுமா? "நீ போய் நில்லு. நான் வரல்ல. வஹகோட்டை வேதக் கோயில் நடுவுல நான் தடுக்கி விழுறத ஊரே பாக்கணுமா?" அப்பா கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார் என்று அந்த நேரத்தில் நான் உன்னிடம் சொன்னது பொய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்தக் கோழி வந்தது. முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழிகளைப் பண்ணைக்காரர்கள் இறைச்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கோழி ஏற்றிய லொறியொன்று ஒரு காலையில் நம் வீட்டு வளைவில் வேகமாகத் திரும்பியபோது, மேலே கட்டியிருந்த கூடுகளில் ஒன்று திறந்துகொண்டது. வெள்ளையாக ஒன்று ரோட்டோரத் தண்ணிக் கானில் விழுந்ததை நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது கண்டேன். லொறிக்காரன் நிற்கவில்லை, தெரிந்திருக்காது. அது கானிலிருந்து எப்படியோ ஏறி, நம் கேட்டுக் கம்பிகளுக்கு இடையில் நுழைந்து, மிளகுக் கொடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கழுத்திலும் வயிற்றிலும் இறகே இல்லை. தோல் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அது தலையைச் சரித்து என்னைப் பார்த்த பார்வை, பிடித்துத் தின்னப்போகிறவளைப் பார்க்கிற பார்வைதான்.

உண்மையைச் சொன்னால், நானும் அந்த எண்ணத்தில்தான் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாரூக் நானாவும் கடையை விட்டுவிட்டு ஓடிவந்தார். "அக்கா, நீங்க அந்தப் பக்கத்தால வெரட்டுங்க. புடிச்சிட்டா நான் அறுத்துத் தாரேன். இண்டக்கிக் கறிதான்!" என்று சாரத்தை மடித்துக் கட்டினார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தக் கோழி கத்திய கத்தல் இருக்கிறதே, பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் ரோட்டில் நின்று பார்த்தார்கள். ஒரு தடவை சாக்கு அதன்மேல் விழுந்தேவிட்டது. அதற்குள்ளும் உதறிக்கொண்டு வெளியே வந்து, ஒரு காலை இழுத்து இழுத்து ஓடியது. அப்போதுதான் வராந்தாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "விடுங்க! அத விரட்டாதீங்க! பயத்துலயே செத்துப்போகும்!" நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். மாதக்கணக்கில் 'ம்', 'வேணாம்' என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுசன், எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாரூக் நானா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாரத்தை இறக்கிவிட்டு, "சரி அண்ணே, சரி. கோழிக்கு உசிரு கெடச்சிட்டு" என்று சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "தண்ணி வச்சியா?" என்று கேட்டார். நான் தண்ணியும் கொஞ்சம் குறுணலும் வாசல் சிமெந்தில் வைத்தேன். கோழி கொடிக்குள்ளிருந்து வெளியே வர நெடுநேரம் ஆனது. வந்து கொத்தியது. நான் பார்த்துவிட்டு, தின்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று அடுப்படிக்குப் போனேன். அப்பாதான் கூப்பிட்டார். "அது தின்னல்ல. கொத்துற சத்தம் மட்டுந்தான் கேக்குது. ஒரே எடத்துல டக்கு டக்குன்னு கொத்துது. கிட்டப் போகாம அது வாயப் பாரு." நான் தூணுக்குப் பின்னால் நின்று உற்றுப் பார்த்தேன். அதன் அலகு நுனி வெட்டப்பட்டிருந்தது. நெருக்கமான கூடுகளில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அப்படி வெட்டிவிடுவார்களாம், பிறகு பாரூக் நானா சொன்னார். மொட்டை அலகால் சிமெந்தில் கிடக்கிற குறுணலைப் பிடிக்க முடியாமல், கொத்தக் கொத்த அது உருண்டு போய்க்கொண்டிருந்தது. உயிர் தப்பிவந்து, தீனிக்கு முன்னால் நின்றுகொண்டு பட்டினி கிடக்கிறது. அப்பா சொன்னபடி குறுணலை ஊறவைத்து, புண்ணாக்கும் பிசைந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் போட்டு வைத்தேன். சிரட்டைக்குள் முகத்தை முழுசாகப் புதைத்து அது தின்ற சத்தத்தைக் கேட்டு உன் அப்பா சிரித்தார். சத்தமில்லாத சிரிப்புதான். ஆனால் நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து சிரட்டை வைக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பச்சைக் கொடிகளுக்கு நடுவில் அது பால் மாதிரி வெள்ளையாக இருந்ததால், நேரே பார்த்தால் அவருக்கும் தெரிந்தது. "இப்ப பலா மரத்துக்கிட்ட நிக்குது", "இப்ப கெணத்தடிக்குப் போகுது" என்று எனக்கே சொல்லுவார். மண்ணில் நடந்தே பழக்கமில்லாத கோழி அது. ஈரமண்ணில் காலை வைத்தவுடன் தூக்கி உதறிவிட்டு, எங்கே வைப்பது என்று யோசிக்கும். அதைப் பார்த்துத்தான் அவர், "சேத்துல செருப்பில்லாம எறங்கின நோனா மாதிரி நடக்கிறா" என்றார். அன்றிலிருந்து அந்தச் சீமாட்டிக்கு நோனா என்றே பேர். சிரட்டையைக் கொடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கொண்டுபோய்த் தள்ளிப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கூப்பிட மாட்டார், கையை நீட்ட மாட்டார். நாள் போகப் போகச் சிரட்டை கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிப் பக்கம் வந்தது. கடைசியில் ஒருநாள் அது அவர் காலடியிலேயே நின்று தின்றது. அதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு கிட்ட வந்துவிட்டதே, இப்போதே பிடித்து எதிலாவது அடைத்துவிட்டால் கீரியிடமிருந்து தப்புமே என்று பின்பக்கமாக மெதுவாகப் போய் இரண்டு கையாலும் அமுக்கினேன். அது திமிறிக்கொண்டு பறந்தது. என் கையில் நாலைந்து இறகுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு அது கொடிக்குள்ளிருந்து தலையைக்கூடக் காட்டவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம் வந்தது. "ஒரு கோழிக்காக மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்களே!" என்று கேட்டேன். அவர், "கோழிக்காக இல்ல. அதுக்கு என்ன வேணும்னு நீ முடிவு பண்ணிட்ட. அத ஒரு வார்த்த கேக்கல்ல" என்றார். கோழியிடம் என்னத்தைக் கேட்பது என்று நான் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் அடுப்படியில் நிற்கும்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன்னை மாத்தளைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்த்தபோது நீ வாசலிலேயே உருண்டு புரண்டு அழுதாய். நான் அதட்டினேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன், ஒன்றுக்கும் நீ மசியவில்லை. தம்புள்ளையிலிருந்து லோடு இறக்கிவிட்டுத் தூக்கக் கண்ணோடு வந்த அப்பா, "நான் இங்கதான் நிக்கிறேன், பாக்கணும்னா ஜன்னலால பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட மதிலோரம் லொறியை நிறுத்தி உள்ளேயே படுத்துக்கொண்டார். நீ ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தாய். இன்னொரு நாளும் வந்து நின்றார். பிறகு ஒருநாள் நீ பார்க்கவே மறந்துவிட்டாய். அவர் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனுசனுக்கு இந்த வித்தை எப்போதும் தெரியும். நான்தான் மறந்துபோயிருக்கிறேன்.

நோனா திரும்பி வந்தாள். சிரட்டை மறுபடியும் கொடிக்குப் பக்கத்தில் இருந்து தொடங்கவேண்டியிருந்தது. இந்தத் தடவை நானும் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் கையைக் கட்டி உட்கார்ந்தேன். வேலை கெட்டுப்போகிறதே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நேரம் எனக்குப் பிடித்துப்போனது. நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒன்றாக உட்கார்ந்து எத்தனை காலம்! அவர் லொறியிலும் நான் வீட்டிலுமாகவே பாதி ஆயுள் போய்விட்டது. உட்கார்ந்திருக்கும்போது அவர் ரோட்டுக் கதைகளைச் சொல்லுவார். நான் கேட்டிராத கதைகள். பொழுது சாய்கிற நேரம் எங்கே ஏறித் தங்குவது என்றுகூட நோனாவுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அப்பா பழைய தக்காளிப் பெட்டியொன்றைத் தடவித் தடவி ஆணியடித்து, வைக்கோல் போட்டு வராந்தாத் திண்டோரம் வைத்தார். சிரட்டையைப் பெட்டிக்குள் வைத்து, கதவை அடைக்காமல் விட்டார். ஒரு சாயங்காலம் அவளாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கதவை அடைக்கத் தொடங்கினோம். கழுத்தில் புது இறகு முளைத்தது. முதலில் முள்ளு முள்ளாக, பிறகு பஞ்சு மாதிரி. முட்டையெல்லாம் ஓய்ந்துபோன கோழி என்றார்களே, இப்போது நினைத்தால் ஒன்று போடுகிறாள். அதை அவிப்பதா பொரிப்பதா என்று நாங்கள் இருவரும் சண்டை போடுகிறோம்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஒரு காலையில் நான் சீனி வாங்கப் பாரூக் நானாவின் கடைக்குப் போனேன். கேட்டைச் சரியாகக் கொளுவவில்லை போலிருக்கிறது. சீனியை வாங்கிக்கொண்டு திரும்பினால், நட்டநடு ரோட்டில், வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே நோனா பதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வான் அவளை உரசிக்கொண்டு போனது. அந்தக் காற்றில் இறகெல்லாம் விரிந்து இன்னும் சுருங்கிக்கொண்டாள். நான் தலையைத் தூக்கினால், அந்தப் பக்கம் உன் அப்பா படியிறங்கி வருகிறார். கையில் ஒரு தடிகூட இல்லை. அந்த வெள்ளையை மட்டும் நேரே பார்த்துக்கொண்டு வருகிறார். எனக்குத் தெரியும், அவருக்கு அவள் தெரிவாள். இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற வண்டிகள் தெரியாது. மாத்தளைப் பக்கமிருந்து ஒரு லொறி ஏறிவருகிறது. நான் அலறினேன். "ஐயோ, வராதீங்க! நில்லுங்க அங்கயே!"

அவர் கேட்டுக்கு வெளியே, ரோட்டின் ஓரத்தில் நின்றார். நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பாமல், என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "எனக்கு ரெண்டு பக்கமும் தெரியாது. அந்தப் பக்கம் நீ பாரு. இந்தப் பக்கம் நானாவப் பாக்கச் சொல்லு. போகலாம்னு சொன்னா, நான் போறேன்."

மகனே, எனக்குத் தெரியாது என்ற அந்தச் சொல்லை, கண் போனதிலிருந்து அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பாரூக் நானா கடையிலிருந்து இறங்கி, மாத்தளைப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். லொறி ஹோன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. நான் சீனிப் பையைத் தூக்கிப் பிடித்தபடி தம்புள்ளைப் பக்கம் நின்றேன். வந்த பஸ்ஸின் கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கோழிக்கா பஸ்ஸ நிப்பாட்டுறீங்க?" என்று கத்தினார். ஆனால் டிரைவர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். பழைய ரோட்டுக்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். அவர் இஞ்சினையே நிறுத்திவிட்டு, "அண்ணே, அவசரமில்ல, மெதுவா வாங்க!" என்றார். "போகலாம்!" என்று நான் சொன்னேன். உன் அப்பா நேரே நடந்துவந்து, ரோட்டில் குந்தி, "நோனா, வா" என்றார். ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. அவர் கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். அதுவரை அவர் அவளைத் தொட்டதே இல்லை. பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள்.

தூக்கிய பிறகு அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அப்படியே நேரே நடந்து ரோட்டைக் கடந்து, பாரூக் நானாவின் கடை வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தார். கோழி மடியில். "நானா, ஒரு டீ போடுங்க. சீனி கூட" என்றார். பாரூக் நானா டீயைக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு நாளாச்சி அண்ணே நீங்க இந்த வாங்குல குந்தி" என்று மட்டும் சொன்னார். குடித்து முடித்ததும் அப்பா என் பக்கம் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். ரோட்டைத் தாண்டியும் அவர் கையை எடுக்கவில்லை. இப்போது தினமும் காலையில் நாங்கள் அப்படித்தான் டீ குடிக்கப் போகிறோம். சில நாள் சந்திவரைக்கும். தன்னைக் குடிகாரன் என்று ஏசியவனை அவர் அங்கே ஒருநாள் கண்டார். "தம்பி, எனக்குப் பக்கத்துல வந்தா தெரியாது, நீதான் பாத்துப் போகணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவன் வெட்கப்பட்டுப் போனான்.

போன கிழமை கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. இது பொய்யில்லை. உன் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, வஹகோட்டை கோயில் நடுவால் நடந்து வருவார். தடுக்கினால் தடுக்கட்டும் என்கிறார். நீயும் படி ஏறுமிடத்தில் ஓடிவந்து தூக்காதே. அவர் கேட்டால் கை கொடு. அன்று நோனாவைப் பார்த்துக்கொள்வது பாரூக் நானாவின் பொறுப்பு. கல்யாணத்துக்கு முதல்நாள் வீட்டில் வந்து தங்கப்போகிற உன் சித்தப்பாவிடம், இந்தக் கோழி கறிக்கு இல்லை என்று இப்போதே சொல்லிவை. அவர் போனமுறை வந்தபோது அவளைப் பார்த்த பார்வை சரியில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் வீடு வசதி, ஆஸ்பத்திரி பக்கம், எல்லாம் உண்மை. ஆனால் வத்தளையில் உன் அப்பாவுக்கு எந்த லொறியின் சத்தமும் தெரியாது. பஸ்ஸை நிறுத்தி 'அண்ணே' என்று கூப்பிட ஆள் இல்லை. இங்கே அவர் இப்போதுதான் மறுபடியும் நடக்கத் தொடங்கியிருக்கிறார். நீ கட்டிலுக்கு அளவெடுத்தது பாசத்தில்தான். நான் நோனாவைப் பின்னாலிருந்து அமுக்கினேனே, அதுவும் நல்லதை நினைத்துத்தான். ஒருநாள் எங்களால் முடியாமல் போகும். அப்போது நாங்களே உன்னைக் கேட்போம். கேட்கத் தெரிந்துகொண்டுவிட்டோம். அந்த அறையை அப்படியே வை, இடையில் வந்து தங்குகிறோம்.

நிரோஷாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் தன் வீட்டையும் ஊரையும் விட்டு உன்னிடம் வருகிறாள். முதலில் கொஞ்சநாள் பேசாமல் இருப்பாள், காரணமில்லாமல் அழுவாள், தூங்குவாள். "என்ன, என்ன" என்று துளைக்காதே. நான் ரத்தோட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஊமை மாதிரி இருந்தேன். உன் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் தம்புள்ளையிலிருந்து நல்லதாக நாலு மரக்கறியை அடுப்படி மேசையில் வைத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் நானாகத்தான் போய், "புடலங்காய் முத்திப்போச்சு" என்று சொன்னேன். அதுதான் நான் அவரிடம் முதலில் பேசிய பேச்சு. அதற்குப் பிறகு நான் வாயை மூடவேயில்லை என்பது உனக்கே தெரியும். உனக்கும் முடியாதது வரும்போது எனக்கு முடியாது என்று அவளிடம் சொல்லிவிடு. அதில் ஒரு ஆம்பிளையும் குறைந்துபோக மாட்டான். உன் அப்பா ரோட்டோரம் நின்று அதைச் சொன்னபோது இருந்த அழகோடு அவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் நோனாவைப் பெட்டியிலிருந்து திறந்துவிட்டு வந்து, நாற்காலியின் பின்பக்கம் தடவிப் பிடித்து நின்றார்.

"யாருக்கு எழுதுற?"

"உங்க மகனுக்குத்தான். வத்தளைக்கு வரல்லன்னு."

"நோனாவப் பத்தி எழுதினியா?"

"எல்லாம் எழுதியாச்சு."

"அப்ப என்னப் பத்தித் தனியா எழுதத் தேவல்ல" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். டீ குடிக்கப் போக வேண்டுமாம்.

அம்மா